உழவும் மண்ணிறுக்கமும்: வன்னிச் சோளக் கமத்துக்கு ஒரு சொல்

(வன்னிக் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



உழவைப் பற்றி உழவர்களிடத்திலே பேசுவது எளிதான காரியமன்று. உழத் தெரியாதவர் எவரும் இந்தக் கூட்டத்திலே இல்லை. எனவே, உழுவது எப்படி என்று கற்பிக்க நான் இங்கு வரவில்லை. நாம் உழும் உழவு, நம் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தினடியிலே என்ன செய்கின்றது என்பதையும், அதனால் சோளப் பயிருக்கு நேரும் கேட்டையும், அதனை நீக்கும் வழியையும் உங்களோடு சேர்ந்து ஆராயவே வந்திருக்கின்றேன்.

ஒரு தை மாதத்திலே நெடுங்கேணிப் பக்கமாக ஒரு மேட்டுநிலக் கமத்துக்குச் சென்றிருந்தேன். பூத்து நின்ற சோளம் இலை சுருண்டு கிடந்தது. அதன் சொந்தக்காரரான முதியவர், “மழை விட்டுப் பத்து நாள் ஆகவில்லை ஐயா. பசளையும் குறைவில்லாமல் போட்டேன். விதையும் நல்ல விதை. பயிர் ஏன் இப்படி வாடுகின்றது?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. மண்வெட்டியை வாங்கி, ஒரு செடியின் பக்கத்திலே வெட்டினேன். முதல் ஆறு அங்குலமும் மண் பொலபொலவென்று வந்தது. அதன்பின் மண்வெட்டி ‘ணங்’கென்று ஒலித்தது. அந்த இடத்திலே சோளத்தின் வேர்கள் எல்லாம், சுவரிலே முட்டியவை போலத் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. அலவாங்கால் அந்த இறுகிய படையைக் குத்திப் பெயர்த்தோம். மூன்று அங்குலத் தடிப்புள்ள தட்டு அது. அதற்குக் கீழே இருந்த மண்ணை எடுத்து அந்த முதியவரின் உள்ளங்கையிலே வைத்தேன். அது ஈரமாக இருந்தது!

அன்பர்களே, அந்தப் பயிர் தண்ணீர் இல்லாத நிலத்திலே வாடவில்லை. தண்ணீருக்கு மேலே நின்று வாடியது. தண்ணீருக்கும் வேருக்கும் இடையே ஒரு தட்டு இருந்தது. அந்தத் தட்டை இயற்கை இடவில்லை. நாமே, ஆண்டு தோறும், கூலி கொடுத்து இட்டுக்கொண்டோம்.

மண்ணிறுக்கம் என்பது யாது?

நல்ல மண்ணிலே ஏறத்தாழப் பாதிதான் மண். மீதிப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்திலே நீரும் காற்றும் இருக்கும். அதன் வழியே வேர் நடக்கும். பாரத்தினாலோ, கலப்பையின் அடிப்பாகம் தேய்ப்பதனாலோ மண்துகள்கள் நெருங்கும்போது முதலிலே அழிவது பெரிய துளைகளே. மழைநீர் இறங்குவதும் வேர் இறங்குவதும் அந்தப் பெரிய துளைகளின் வழியேதான்.

ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள நல்ல மணற்பாங்கான தோட்ட மண்ணை, அது நிலத்திற் கிடந்தபடியே எடுத்து உலர்த்தி நிறுத்தால் ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும். அது 1.6 கிலோவைத் தாண்டும்போது வேர் தயங்கத் தொடங்கும். 1.8 கிலோவை எட்டும்போது பெரும்பாலும் நின்றுவிடும். மண்ணின் எதிர்ப்பு ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 300 இறாத்தலானால், சோளத்தின் வேர் அதனைத் துளைக்க மாட்டாது என்பது மண்ணியலாரின் பொது அளவுகோல்.

வன்னி மேட்டுநிலத்திற் பெரும்பகுதி செங்கபில நிற மண். இதன் குணத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆவணியிலே செங்கல், கார்த்திகையிலே களி. நடுவிலே, உழுவதற்கு ஏற்ற பதமாக நிற்பது சில நாட்களே. உக்கிய பொருள் குறைந்த இந்த மண்ணுக்குத் தன் கட்டமைப்பைத் தானே காத்துக்கொள்ளும் வலு குறைவு. நனைந்தபோது அமுக்கினால் அமுங்கிவிடும். காய்ந்தபோது அமுங்கியபடியே இறுகிவிடும். வடக்கே சில பகுதிகளிற் காணப்படும் ஆழமான செம்மண்ணிலே நீர் விரைவாக இறங்குவதால் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. ஆயினும் அதுவும் முற்றாகத் தப்பியதன்று.

ஒரு கணக்கு

இந்த மண்ணின் ஓரடி ஆழம், பயிர் எடுக்கக்கூடிய நீராக ஏறத்தாழ ஓர் அங்குல நீரைத் தாங்கும் என்று கொள்வோம். பூத்து நிற்கும் சோளம், வெயில் நாளொன்றுக்குக் கால் அங்குல நீரளவு குடிக்கும். வேர் இரண்டடி இறங்கியிருந்தால் அதன் கையிருப்பு இரண்டு அங்குல நீர். எட்டு நாட்களுக்கு அது போதும். ஆறு அங்குலத்தில் வேர் மறிக்கப்பட்டிருந்தால் கையிருப்பு அரை அங்குலமே. இரண்டு நாட்களில் அது தீர்ந்துவிடும். நமது நிலத்திலே பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலே சரளைப் படை வந்துவிடுகின்றது. ஆதலால் அதற்கு மேலுள்ள இரண்டடியை நாம் இழப்பது முதலையே இழப்பதாகும்.

மார்கழிக் கடைசியிலும் தையிலும் எட்டுப் பத்து நாட்கள் மழை ஓய்வது வன்னிக்குப் புதிதன்று. ஆழ வேரோடிய பயிருக்கு அஃது ஓர் இளைப்பாறல். வேர் மறிக்கப்பட்ட பயிருக்கு அதுவே பஞ்சம். பூக்கும் காலத்திலே தாகப்பட்ட சோளத்தின் கதிரில் மணி பிடிக்காது. பின்னர் எத்தனை மழை பெய்தாலும் அந்த இழப்பு மீளாது.

இது பாதிக் கதைதான். அதே தட்டு, கார்த்திகை அடைமழையிலே வேறொரு கேட்டைச் செய்கின்றது. மேலிருந்து வரும் நீரை இறங்கவிடாமல் ஏந்திக்கொள்கின்றது. சோளம் நெல்லன்று; அதன் வேர் காற்றில்லாமல் வாழாது. நீர் தேங்கிய இரண்டு மூன்று நாட்களிலே இளம்பயிர் மஞ்சளிக்கின்றது. நாம் இட்ட யூரியாவின் தழைச்சத்திலே ஒரு பங்கு காற்றாகப் போய்விடுகின்றது. நாமோ, பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் ஒரு மூட்டை வாங்குகின்றோம். கார்த்திகையிலே மூழ்கடிப்பதும் தையிலே வாட்டுவதும் ஒரே தட்டுத்தான்.

நெல்லுக்கு நன்மை, சோளத்துக்குத் தீமை

இந்தத் தட்டு எல்லாப் பயிருக்கும் பகையன்று. வயலிலே சேறடித்து, மிதித்து, அடிமண்ணை இறுக்குகின்றோமே, அது எதற்காக? நீர் கீழே ஓடிவிடாமல் வயலிலே நிற்பதற்காக. தலைமுறை தலைமுறையாக நெல்லுழவிலே தேர்ந்த நமது கைகளும், வயலிலே பழகிய நமது சாரதிகளும், அந்த நெல்லுழவையே மேட்டு நிலத்துக்கும் கொண்டுபோய்விட்டோம். ஈரத்திலே இறங்குவதும், நாலு தரம் திருப்பித் திருப்பி உழுவதும், மண்ணை மாவாக்குவதும் வயலுக்குப் பொருந்தும், சோளத்துக்குப் பொருந்தா.

முன்னோர் காட்டு நிலத்திலே செய்த சேனைப் பயிர்ச்செய்கையைப் பாருங்கள். அங்கே கலப்பையே இல்லை. வேர்கள் உக்கிய பழைய வழிகளே புதிய வேருக்குப் பாதையாக இருந்தன. அந்த முறைக்கு இனி நாம் திரும்ப முடியாது. அதற்கு வேண்டிய காடும் இல்லை, காத்திருக்கும் ஆண்டுகளும் இல்லை. ஆனால், உழாத நிலத்திலும் சோளம் ஆழ வேரோடும் என்பதற்கு அது சான்று.

எருது பூட்டிய மரக்கலப்பை நான்கைந்து அங்குலம் கீறியது. அதுவும் தன் அளவிலே ஒரு தட்டை உண்டாக்கியதுதான். ஆயினும் அது மெல்லியது. உழைத்த எருதே எருவையும் தந்தது. 2009இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து நம் மக்கள் தத்தம் காணிக்குத் திரும்பியபோது, மாட்டுப்பட்டிகளிற் பல இல்லாமற் போயிருந்தன. நிலம் பற்றை மண்டிக் கிடந்தது. உழவு இயந்திரமின்றி அந்நிலத்தை மீட்டிருக்க முடியாது. ஆகவே இயந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதனைக் கையாளும் முறையைப் பற்றியே பேசுகின்றேன்.

கலப்பைக்குக் கலப்பை வேற்றுமை

வட்டுக் கலப்பை பற்றை நிலத்தை முதன்முறை திறக்கச் சிறந்தது. ஆனால் அதனை இழுக்கும் இயந்திரத்தின் ஒரு பக்கச் சில்லு, முன்பு வெட்டிய சாலின் அடியிலேயே ஓடுகின்றது. அதாவது, மேல்மண் என்னும் மெத்தையும் இல்லாமல், அடிமண்ணின்மேல் நேராகவே பாரம் இறங்குகின்றது. ஆண்டுதோறும் அதே ஆழத்தில் அதனை ஓட்டினால் தட்டு உருவாவது உறுதி.

சுழலும் கத்திகளையுடைய கலப்பை, நீங்கள் ‘றோட்டரி’ என்று அழைப்பது, பார்வைக்கு மிக அழகான உழவைத் தரும். மண் மாவைப் போல் இருக்கும். அந்த அழகே ஆபத்து. முதற் பெருமழையிலே அந்த மாவு கரைந்து, மேலே ஓடாகக் காய்கின்றது. நீர் இறங்காமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகின்றது. கீழேயோ, கத்திகள் சுழன்று அடித்த நாலைந்து அங்குல ஆழத்திலே மண் மெழுகப்பட்டுவிடுகின்றது. இரண்டு சில்லு இயந்திரம் நிறையிலே குறைந்ததாயினும், அதன் சுழற்கத்தியும் இந்தக் கேட்டைச் செய்யும்.

கொழுக்களைக் கொண்ட கலப்பை மண்ணைப் புரட்டாமல் கிளறுகின்றது. கட்டிகளையும் சருகையும் மேலே விட்டுவைக்கின்றது. ஆண்டு உழவுக்கு இம்மூன்றிலும் இதுவே குறைந்த தீங்குடையது. ஆனால் ஆறு அங்குலத்துக்குக் கீழுள்ள பழைய தட்டை இது உடைப்பதில்லை.

அதனை உடைப்பதற்கென்றே உள்ளது உளிக் கலப்பை. ஒன்றரை அடி ஆழம் வரை செல்லும் வலுவான உளிகள் அடிமண்ணைப் பிளக்கின்றன. மேலே புரட்டிப் போடுவதில்லை. தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், இறுகிய அடித்தட்டுள்ள நிலங்களுக்கு, அரை மீற்றர் இடைவெளியிலே நெடுக்கும் குறுக்குமாக உளிக் கலப்பை ஓட்டி, ஹெக்டேயருக்கு 12.5 தொன் தொழுவெருவும் இடுமாறு பரிந்துரைத்துள்ளது. ஏக்கருக்கு அஃது ஐந்து தொன். இதனை மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்தாற் போதும் என்பதும் அப்பரிந்துரையே.

அகல உழுவதா, ஆழ உழுவதா?

‘அகல உழுகிறதை ஆழ உழு’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆழ உழு என்று சொன்ன பெரியவர்கள் ஆண்டுதோறும் இரண்டு தொன் இயந்திரத்தை ஏற்று என்று சொல்லவில்லை. வள்ளுவர் உழவு அதிகாரத்திலே, உழுத மண் காற்பங்காகும்படி உலரவிட்டால் ஒரு கைப்பிடி எருகூட வேண்டியதில்லை என்கிறார். அடுத்த குறளிலேயே எருவிடுதலை உழவுக்கு மேலாக வைக்கிறார். உலர்ந்த பதத்தில் உழுவதும் எருவால் மண்ணைக் கட்டுவதும் அந்தப் பெருமகன் அறிந்தவையே. நாம் அவ்விரண்டையும் விட்டு, எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டோம்.

அப்படியானால் உழாமலே விடலாமா? இதனைப் பிறநாட்டாரும் ஆராய்ந்திருக்கின்றனர். நைஜீரியாவிலே இபடான் நகரின் அனைத்துலக ஆராய்ச்சி நிலையத்தில், 1970களில், ரத்தன் லால் என்னும் இந்திய அறிஞர், நமது மண்ணுக்கு உறவான மண்ணிலே சோளத்தை வைத்துச் சோதனைகள் செய்தார். பெரிய இயந்திரத்தால் காடழித்து உழுத நிலம் இறுகி, அரிக்கப்பட்டுச் சோர்ந்ததையும், உழாமல் சருகுமூட்டுடன் விட்ட நிலம் மென்மை காத்ததையும் அவர் காட்டினார். 2020இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. ஆந்திரக் கரையோரத்திலே குண்டூர் போன்ற மாவட்டங்களில், நெல் அறுத்த வயலை உழாமலே துளையிட்டுச் சோளம் ஊன்றும் முறை பரந்த அளவிலே பரவியுள்ளது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். ஐதராபாத்துக்கு அண்மையிலே, 1972 முதல் இயங்கும் அனைத்துலக வறள்நிலப் பயிராராய்ச்சி நிலையத்தின் செம்மண்ணிலே கண்டது என்ன? மூடாக்கு இல்லாத வெறும் நிலத்தை உழாமல் விட்டால் மேலோடு இறுகி மழைநீர் ஓடிவிடுகின்றது என்பதே. ஆகவே, உழாமைக்கு உயிர் மூடாக்கு. தட்டைகளை எரித்துவிட்டும், மாட்டுக்கு விட்டுவிட்டும் உழாமலிருப்பது சிக்கனமன்று, சோம்பல். களையின் தொல்லையையும் கணக்கிலெடுக்க வேண்டும். தட்டை உடையாமலே உழவை நிறுத்துவதும் பயன் தராது. சிறைக்குள் இருப்பவனுக்குக் கதவைத் திறவாமல் விடுதலை அறிவித்தது போலாகும்.

நாம் செய்யவேண்டுவன

முதலாவது, அறிந்து செய்யுங்கள். நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, கூரான இரும்புக் கம்பியொன்றை நிலத்திலே கையால் அழுத்துங்கள். எவ்விடத்திலே திடீரென்று தடுக்கின்றதோ அவ்விடமே தட்டு. பத்து இடங்களிலே பார்த்து ஆழத்தைக் குறித்துவையுங்கள். தட்டு இல்லாத நிலத்தை உளிக் கலப்பையால் கிழிப்பது பணத்தையும் எண்ணெயையும் வீணாக்குவதாகும்.

இரண்டாவது, பதம் பாருங்கள். உழப்போகும் ஆழத்திலிருந்து, மேலிருந்தன்று, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். ஈர்க்குத் தடிப்பிலே திரியாக உருண்டால் உழவு கூடாது. உதிர்ந்தால் உழலாம். இந்த ஒரு சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவது, தட்டை உடைக்கும் காலத்தைத் தெரிந்தெடுங்கள். அடிமண் ஈரமாயிருக்கும்போது உளி கீறும், உடைக்காது. சோளம் அறுத்த கையோடு மாசி பங்குனியிலே, பயிர் அடிமண்ணின் நீரைக் குடித்து முடித்திருக்கும். நிலமும் முற்றாகக் கல்லாகியிராது. விதைப்பு அவசரமும் அப்போது இல்லை.

நான்காவது, உடைத்ததைக் காப்பாற்றுங்கள். உடைத்த நிலத்திலே அதே ஆண்டு ஈரத்தில் இயந்திரத்தை ஓட்டினால் பழைய நிலைக்கே அது திரும்பிவிடும். சில்லின் முதல் ஓட்டத்திலேயே இறுக்கத்தின் பெரும்பங்கு நேர்ந்துவிடுகின்றது. ஆதலால் பத்துத் தடத்திலே ஒவ்வொரு முறை ஓடுவதைவிட, ஒரே தடத்திலே பத்து முறை ஓடுவது மேல். கதிர் ஏற்றும் பெட்டியைக் கமத்தின் நடுவுக்குக் கொண்டுவராமல் வரம்போரத்திலே நிறுத்துங்கள்.

ஐந்தாவது, வேரையே கலப்பையாக்குங்கள். துவரையின் ஆணிவேர் இறுகிய மண்ணிலே மெல்ல மெல்ல இறங்கி, உக்கியபின் அடுத்த பயிருக்கு வழி விட்டுச் செல்கின்றது. சோளத்துக்கிடையே துவரை, வேலியிலே கிளிரிசிடியா, அதன் இலை நிலத்துக்கு மூடாக்கு. தட்டைகளுக்குத் தீ வைக்காதீர்கள்.

பொறுப்பு யாருடையது?

இவையெல்லாம் சரி, ஆனால் எங்கள் கையிலா இருக்கின்றது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறு கமக்காரரிற் பலருக்குச் சொந்த இயந்திரம் இல்லை. முதல் மழை விழுந்ததும் ஊர் முழுவதும் ஒரே இயந்திரத்தை நோக்கி ஓடுகின்றது. முறை வரும்போது நிலம் சேறாகிவிடுகின்றது. “இன்று வேண்டாம், இரண்டு நாள் காயட்டும்” என்று சொன்னால், அந்த இயந்திரம் இரண்டு கிழமைக்குப் பிறகே திரும்பும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, விரைந்து மேலோட்டமாக ஓடுவதே சாரதிக்கு இலாபம். அவரைக் குறைகூறிப் பயனில்லை. பேசிய கூலியின் முறைதான் அப்படி ஓட்டச் சொல்கின்றது.

தனியொருவரால் இதனை மாற்ற முடியாது. கமக்காரர் அமைப்பாலே முடியும். பதம் பார்த்த ஒழுங்கிலே எந்தக் காணி முதலில், எது பின்னர் என்று அமைப்பே அட்டவணை இடட்டும். ஆழத்தையும் பதத்தையும் கூலிப் பேச்சிலேயே சேர்க்கட்டும். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் வாடகைக்கு ஓர் உளிக் கலப்பையேனும் இருக்கவேண்டும் என்று நாம் ஒன்றாகக் கேட்போம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வேண்டும் கருவியை ஒவ்வொருவரும் வாங்குவது வீண். ஒருவரிடமும் இல்லாமல் இருப்பது அதனினும் வீண். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. நமது காணிகளிலேயே இந்த உழவு முறைகளைப் பக்கம் பக்கமாக வைத்து அளந்து, கண்டதை நமது மொழியிலே நமக்குச் சொல்லுமாறு அதனை அழைப்போம். இங்கே அமர்ந்திருக்கும் படித்த அன்பர்கள் இந்தக் கோரிக்கையை எழுத்திலே வடித்துத் தருவார்களாக. அஃது உங்கள் பங்கு.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததையும், 2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையிலே நின்றதையும் நாம் மறக்கவில்லை. பசளையும் எண்ணெயும் கப்பலிலே வருபவை. அவை எப்போது நிற்கும் என்பது நம் கையில் இல்லை. ஆறு அங்குலத்துக்குக் கீழே இருக்கும் மண்ணும் நீரும் நம் காலடியிலேயே இருப்பவை. அவற்றை எவரும் இறக்குமதி செய்யவும் வேண்டாம், தடைசெய்யவும் முடியாது. அவற்றிடம் வேர் சென்று சேர்வதற்கு வழி விடுவதே நாம் செய்யவேண்டுவது.

அன்று அந்த நெடுங்கேணி முதியவர், கையிலிருந்த ஈர மண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இத்தனை வருடமாக இதை மூடி வைத்துக்கொண்டா மழையைத் திட்டினோம்?” என்றார். அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைத்து என் உரையை முடித்துக்கொள்கின்றேன். அடுத்த நல்ல மழைக்குப் பின்னர், உங்கள் கமத்திலே ஒரு கம்பியை ஊன்றிப் பாருங்கள்.